முயல் இனத்தர நூல்: யாருக்குச் சொந்தம், யார் கைக்குக் கிடைக்கிறது?

நியூசிலாந்து வெள்ளை என்று சொல்லி விற்கப்படும் முயலை நம் ஊரில் பெரும்பாலும் இரண்டே அடையாளத்தை வைத்துத்தான் வாங்குகிறார்கள். முடி வெள்ளை, கண் சிவப்பு. உண்மையில் இந்த இரண்டும் இனத்துக்கு அத்தாட்சியே கிடையாது. உடலில் நிறமி உருவாகாமல் தடுக்கும் ஒரு மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி வந்து சேர்ந்துவிட்டால் எந்தக் கலப்பு முயலும் இப்படித்தான் பிறக்கும். அடியில் சாம்பல், கறுப்பு, பழுப்பு என்று எந்த நிறத்துக்கான மரபணு இருந்தாலும் மேலே இருக்கும் வெள்ளை அத்தனையையும் மூடிவிடும். அதனால்தான் வெள்ளை ஜோடி ஒன்றை வாங்கி வந்து, அதில் ஒன்றைச் சாம்பல் முயலோடு சேர்த்துப் பார்த்தவர்கள், குட்டிகளில் எதிர்பாராத நிறங்கள் வருவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். விற்றவர் ஏமாற்றினார் என்றும் சொல்லிவிட முடியாது. அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் இனத்தை எதை வைத்துச் சொல்வது? உடல் அமைப்பு, வயதுக்கேற்ற எடை, தலையும் காதும் உடலோடு பொருந்தும் விதம், முடியின் தன்மை. இதையெல்லாம் வரிவரியாக எழுதி வைத்த நூல் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தேடினால் அதன் முழுப் பாடம் சட்டென்று அகப்படாது. துண்டு துண்டாக, பழைய பதிப்பிலிருந்தோ யாரோ நினைவிலிருந்து எழுதியதோதான் கிடைக்கும். அரசு விதியையோ பல்கலைக்கழக ஆய்வையோ போல அது பொதுவில் கிடக்காததற்குக் காரணம் எளிது. இனத்தரம் என்பது ஒரு சங்கத்தின் சொத்து.

நியூசிலாந்து முயலின் கதையிலிருந்தே தொடங்கலாம். பெயர்தான் நியூசிலாந்து, இனம் உருவானது அமெரிக்காவில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்நிற முயலாக அறிமுகமாகி, பிறகு கலிபோர்னியாவில் வெள்ளை வகை தனியாகப் பெருக்கப்பட்டது. இறைச்சிக்கும் ரோமத்துக்கும் ஆய்வகங்களுக்கும் அதுவே ஓடியதால் செந்நிறத்தை வெள்ளை முந்திக்கொண்டது. கலிபோர்னியன் இனமும் அதே மாநிலத்துச் சரக்குதான். 1920களில் ஜார்ஜ் வெஸ்ட் என்பவர் ஹிமாலயன், சின்சில்லா, நியூசிலாந்து ஆகிய மூன்று முயல் இனங்களையும் கலந்து உருவாக்கியது. ஆக, திண்டுக்கல்லிலோ நாமக்கல்லிலோ கூண்டில் இருக்கும் இந்த இரண்டு இனங்களுக்கும் மூல வரையறை எழுதப்பட்ட இடம் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். சுருக்கமாக ஆர்பா என்பார்கள்.

ஆர்பா 1910இல் வேறொரு பெயரில் தொடங்கிய அமைப்பு. அது வெளியிடும் இனத்தர நூலின் பெயர் ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் பெர்ஃபெக்ஷன்’. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திருத்திய பதிப்பு வரும். 2021 முதல் 2025 வரைக்கு ஒன்று, அடுத்தது 2026இலிருந்து. சங்கம் அங்கீகரித்த முயல் இனங்கள் எல்லாம் இந்த ஒரே நூலில் அடங்கும், கினிப்பன்றிகளும் சேர்த்து. ஒவ்வொரு இனத்துக்கும் மொத்தம் 100 புள்ளி. உடலுக்கு இத்தனை, முடிக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனை என்று பிரித்திருப்பார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு உறுப்பும் எப்படி இருக்க வேண்டும், எது குறை, எது இருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம் என்று வரும்.

இந்த நூலை விலைக்குத்தான் வாங்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினரானால் வளர்ப்புக் கையேடு வரும், இதழ் வரும். இனத்தர நூல் அதில் சேராது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் நாலு கூண்டு வைத்திருப்பவருக்கு இது பெரிய செலவில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு நூலின் விலையைவிட அஞ்சல் செலவுதான் உறுத்தும்.

ஏன் இலவசமாகப் போடக் கூடாது என்ற கேள்வி அமெரிக்க வளர்ப்போரிடமே பல காலமாக இருக்கிறது. சங்கத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நூல் விற்பனை ஒரு வருமானம். அதைவிட முக்கியமாக, ஒரே நேரத்தில் ஒரே பதிப்பு மட்டும் புழக்கத்தில் இருந்தால்தான் நடுவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலைப் பிடிக்க முடியும். பாதி வெட்டி ஒட்டிய நகல் பரவினால் போன பதிப்பின் எடை வரம்பும் இந்தப் பதிப்பின் நிறப் பட்டியலும் கலந்துபோகும். இது சரிதான். ஆனால் மறுபக்கமும் உண்டு. இனத்தைக் காப்பாற்றுவதுதான் சங்கத்தின் வேலை என்றால், இனத்தின் வரையறையைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைப்பது அந்த வேலைக்கே இடைஞ்சல். புதிதாக வருகிறவர் முதலில் தேடுவது இலவசத் தகவலைத்தான். அங்கே தவறானது கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்வார். என்னைக் கேட்டால், போட்டி விதிகளையும் நடுவருக்கான பகுதியையும் விலைக்கு வைத்துக்கொண்டு, எடை வரம்பு, நீக்கக் குறை இரண்டையுமாவது பொதுவில் விடலாம்.

நடைமுறையில் பாதி அப்படித்தான் நடக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய சொற்களுக்குத்தான் காப்பு, அவை சொல்லும் தகவலுக்கு இல்லை. ‘வளர்ந்த நியூசிலாந்து ஆண் முயல் 9 முதல் 11 பவுண்டு, பெண் 10 முதல் 12 பவுண்டு’ என்பது தகவல். அதை யார் வேண்டுமானாலும் தம் சொந்தச் சொல்லில் எழுதலாம். தனி இனச் சங்கங்களும், 4-ஹெச் என்ற இளையோர் அமைப்புக்காகப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறைகள் வெளியிடும் கையேடுகளும் இந்த அளவைத் தருகின்றன. ஐந்து வகை உடல் அமைப்பு பற்றிய படமும் விளக்கமும் அந்தக் கையேடுகளில் இலவசம். சிறு வளர்ப்பாளருக்குத் தேவையானதில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு நியூசிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உடல் அமைப்புக்கு ‘கமர்ஷியல்’ வகை என்று பெயர், அதாவது இறைச்சிக்கான கட்டு. மேசை மேல் சாக்கோ பழைய தரைவிரிப்போ போட்டு முயலை நிறுத்துங்கள். வழுக்கும் பலகையில் அது உடலை ஒடுக்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. முன்கால் பாதங்கள் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும். பின்கால் உடலுக்கு அடியில் இயல்பாக மடங்கி இருக்க வேண்டும். இழுத்து நீட்டவும் கூடாது, அமுக்கிக் குவிக்கவும் கூடாது. இப்போது உள்ளங்கையைக் கழுத்தடியில் வைத்து வால் வரை மெதுவாகக் கொண்டு போங்கள். முதுகுக்கோடு கழுத்தடியிலிருந்து சீராக ஏறி, இடுப்புக்கு மேலே உச்சி தொட்டு, வாலடி வரை வளைந்து இறங்க வேண்டும். நடுவில் பள்ளம் தட்டக் கூடாது, இடுப்பெலும்பு முனை கையில் குத்தக் கூடாது. உச்சியில் உடலின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தோளைவிட இடுப்புப் பக்கம் சற்று அகலம். வாலுக்குக் கீழே தொடைச் சதை உள்வாங்கிச் சரிந்திருந்தால் அது குறை.

அப்புறம் முடி. வாலிலிருந்து தலையை நோக்கி எதிர்த்திசையில் தடவி விடுங்கள். நியூசிலாந்துக்குச் சொல்லப்பட்ட முடி, கையை எடுத்ததும் விருட்டென்று பழைய இடத்துக்குப் படிந்துவிடும். வேறு சில இனங்களில் மெதுவாகச் சுருண்டு திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். கடைசியாக, மேலுதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்கள். மேல் வெட்டுப்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் சற்றே ஏறி நிற்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் முட்டினாலோ கீழ்ப்பல் முன்னால் வந்தாலோ ஆர்பா கணக்கில் அந்த முயல் நேரே நீக்கம். இதில் கறார் காட்டுவதற்குக் காரணம் அழகல்ல. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேய்ந்தால்தான் சரி. பொருந்தாத பல் தேயாமல் வளைந்து வாயைக் குத்தும், தின்ன முடியாமல் முயல் மெலியும். பெரும்பாலும் பரம்பரையாக வருவதால் அதை இனப்பெருக்கத்தில் விட்டால் குட்டிகளுக்கும் போகும்.

எடைக்கு வருவோம். மேலே சொன்ன பவுண்டு அளவைக் கிலோவில் சொன்னால் வளர்ந்த ஆண் ஏறக்குறைய 4.1 முதல் 5, பெண் 4.5 முதல் 5.4. பெரிய இனங்களில் 6 மாதத்துக்குக் கீழ் இளையது, 6 முதல் 8 மாதம் இடைநிலை, 8 மாதத்துக்கு மேல் வளர்ந்தது என்று மூன்று வயதுப் பிரிவு. சின்ன இனங்களில் இடைநிலை கிடையாது. வயது சொல்லாமல் ‘4 கிலோ நிற்கிறது’ என்று யாராவது சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

அமெரிக்க நூல் கிடைக்கவில்லை என்றால் வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டிஷ் முயல் கவுன்சில் 1934இல் இரண்டு அமைப்புகள் இணைந்து உருவானது. அலங்கார இனம், தொங்குகாது இனம், சாதா முடி இனம், வெல்வெட் போன்ற குட்டை முடி கொண்ட ரெக்ஸ் என்று நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு இனத்தின் தரத்தையும் தனித்தனிப் பக்கமாகத் தன் வலைத்தளத்தில் யாரும் படிக்கும்படி அது வெளியிட்டு வந்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்றும் ஐரோப்பாவுக்கான பொதுத் தரத்தை வெளியிடுகிறது. ஜெர்மனியில் தேசியச் சங்கத்துக்கென்று தனி நூல் உண்டு. அங்கே ஒவ்வொரு முயலுக்கும் அட்டை எழுதிப் புள்ளி போடுவார்கள், எடைக்கே தனிப் புள்ளி. அமெரிக்காவில் நூலில் 100 புள்ளி அச்சாகி இருந்தாலும் மேசையில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நடுவர் முயல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார், புள்ளிப் பட்டியல் எதற்கு எவ்வளவு கனம் என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிரிட்டிஷ் பக்கத்தை எடுத்து அமெரிக்க முயலுக்குப் பொருத்தினால் சிக்கல். பிரிட்டனில் ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்றால் அமெரிக்காவில் ‘சில்வர் மார்ட்டன்’ எனப்படும் முயல். அமெரிக்க ‘சில்வர் ஃபாக்ஸ்’ அதைவிடப் பெரிய, முற்றிலும் வேறான இனம். பிடரி முடி கொண்ட லயன்ஹெட் முயலை பிரிட்டன் அங்கீகரித்துப் பல ஆண்டு கழித்து, 2014இல்தான் அமெரிக்கா சேர்த்துக்கொண்டது, அதுவும் முதலில் இரண்டே நிறத்தில். புது இனம் ஆர்பா நூலுக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கான சான்றிதழ் பெற்ற ஒரு வளர்ப்பாளர், ஆண்டு மாநாட்டில் முயல்களைப் பலமுறை கொண்டுவந்து காட்டித் தேற வேண்டும். அதுவரை அந்த முயல் ஊரெல்லாம் நிறைந்திருந்தாலும் நூலைப் பொறுத்தவரை அது இல்லை.

தரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதும் உண்டு. நெதர்லாந்து குள்ள முயலுக்கு 1940இல் அந்த நாட்டில் முதல் தரம் எழுதப்பட்டது. போர் முடிந்தபோது தரத்துக்குப் பொருந்தும் முயல் 17தான் மிஞ்சியது என்பார்கள். 1948இல் பிரிட்டனுக்குப் போனது. 1969இல் பிரிட்டிஷ் தரத்தைச் சற்று மாற்றி அமெரிக்கா ஏற்றது. இன்றும் இரண்டு நாட்டிலும் உச்ச எடை 2.5 பவுண்டுதான். இப்படி ஒத்துப்போகும் இனத்துக்கு எந்த நாட்டு நூலை எடுத்தாலும் பெரிதாகத் தப்பு வராது. நீள ரோமம் தரும் அங்கோரா போன்றவற்றில் அந்தத் தைரியம் கூடாது. அமெரிக்காவில் அங்கோராவே நான்கு வகை.

தமிழ்நாட்டில் வளர்ப்போருக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இங்கே அதிகம் பேசப்படும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் இரண்டும் ஆர்பா நூலிலும் இல்லை, பிரிட்டிஷ் நூலிலும் இல்லை. தேடிச் சலித்துப்போக வேண்டாம், அவை எழுதப்பட்ட இடமே வேறு. 1920களின் கடைசியில் சோவியத் நாட்டுக்கு இறக்குமதியான வெள்ளை ஃபிளாண்டர்ஸ் முயல்களிலிருந்து வெள்ளை ஜெயண்ட் வந்தது. அதைச் சின்சில்லாவோடு கலந்து தேர்ந்தெடுத்து, 1963இல் தனி இனமாக ஏற்கப்பட்டது சோவியத் சின்சில்லா. அங்கே சங்கமும் கண்காட்சிக் கோப்பையும் அளவுகோலை எழுதவில்லை. அரசுப் பண்ணைகளுக்கான தரம்பிரிப்பு விதிமுறை எழுதியது. எடை, உடல்வாகு, ரோம அடர்த்தி, நிறம் இவற்றை வைத்து முயலை உயர்தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். ரோமத் தொழிற்சாலைக்கு எந்தத் தோல் தேறும் என்பதுதான் அந்த விதியின் கவலை.

இந்த இனங்களைப் பற்றி நம்பிக்கையான அளவு வேண்டுமென்றால் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தையோ, நீலகிரி சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் ஆராய்ச்சி நிலையத்தையோதான் கேட்க வேண்டும். அங்கே கிடைப்பது போட்டித் தரம் அல்ல, செயல்திறன் பதிவு. பிறப்பு எடை, பால் மறக்கும்போது எடை, ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி, எத்தனை தேறியது என்ற கணக்கு. முயல் வாங்கப் போகிறவர் ‘தூய இனமா’ என்று கேட்பதைவிட, ‘இதன் தாய் எத்தனை குட்டி ஈன்றது, 12 வாரத்தில் எடை என்ன’ என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

ஏனென்றால் இனத்தர நூல் எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாய் பால் கொடுக்குமா, கூடு கட்டுமா, குட்டியை மிதித்துவிடுமா என்று அதில் ஒரு வரி இருக்காது. சமவெளியின் சித்திரை வெயில் பற்றி இருக்கவே இருக்காது. முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் ஆண் முயலின் விந்துத் தரம் கெடும், இணைசேர்த்தும் பெண் சினைப்படாது. மேசையில் எவ்வளவு அழகாக நின்றாலும் கூரை அனலில் வேலைக்கு ஆகாத முயலை அந்த 100 புள்ளி அடையாளம் காட்டாது. இறைச்சி நோக்கில் ஆர்பா நூலில் உடனே பயன்படும் பகுதி ஒன்று உண்டு. மூன்று குட்டிகளை ஒரு தொகுதியாகக் காட்டும் இறைச்சிப் பிரிவு அது. 70 நாளுக்கு மேற்படாத குட்டிகள், ஒவ்வொன்றும் 3.5 முதல் 5.5 பவுண்டு, அதாவது சுமார் 1.6 முதல் 2.5 கிலோ. மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அடர்தீவனத்தில் வளர்ந்த குட்டிக்கான அளவு இது. புல்லும் அகத்தியும் வேலிமசாலும் முக்கியத் தீவனமாக உள்ள இடத்தில் அதே நாளில் அதே எடையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்ற பார்வை எங்கும் செல்லும்.

அமெரிக்காவில் சிறு வளர்ப்பாளர் நூலை மட்டும் வைத்துக் கற்பதில்லை. வார இறுதிக் கண்காட்சிக்கு முயலைக் கொண்டுபோகிறார். நடுவர் மேசையில் முயலைத் தொட்டபடியே ‘தோள் ஒடுக்கம், இடுப்பு நல்ல நிரப்பு, முடி மெலிவு’ என்று வாய்விட்டுச் சொல்வதை ஓர் எழுத்தர் குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு முயலின் சொந்தக்காரருக்கு வருகிறது. நூலில் படித்த ‘நன்கு நிரம்பிய இடுப்பு’ கையில் எப்படி இருக்கும் என்று அங்கேதான் புரியும். சங்கத்தின் பதிவாளர் முயலைப் பார்த்து, மூன்று தலைமுறை வம்சாவளி சரியாக இருந்து, நீக்கக் குறை எதுவும் இல்லை என்றால் பதிவுச் சான்று தருவார். வம்சாவளித் தாளை வளர்ப்பவரே எழுதிக்கொள்ளலாம், பதிவுச் சான்றை அப்படி எழுத முடியாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் தாளைக் காட்டி விலை ஏற்றுவது அங்கேயும் நடக்கிறது.

நம் பக்கம் அந்த மேசை இல்லை. அதனால் நூலை வரவழைப்பதில் பணம் போடுவதற்கு முன், பக்கத்து ஊர்களில் முயல் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நாள் முயல்களைக் கொண்டுவந்து, ஒருவர் முயலை இன்னொருவர் கைவைத்துப் பார்ப்பது அதிகப் பயன் தரும். சொந்த முயலின் குறை சொந்தக் கைக்குத் தட்டுப்படுவதில்லை. நூல் வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். போன பதிப்பு பழைய புத்தக விலையில் கிடைத்தாலும் கூச்சப்பட வேண்டாம். நியூசிலாந்து, கலிபோர்னியன் போன்ற பழைய இனங்களில் ஐந்து ஆண்டில் மாறுவது சொற்பம். மாற்றம் அதிகம் வருவது புது நிறங்களிலும் புது இனங்களிலும்தான்.

நூலை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முயலுக்கு எண் போடுவது. பல பண்ணைகளில் எண் கூண்டில் தொங்குகிறது, முயலில் இல்லை. கூண்டு மாறினால் வரலாறும் மாறிவிடும். ஆர்பா முறையில் வளர்ப்பவரின் எண் இடது காதில் பச்சை குத்தப்படும், வலது காது பதிவாளருக்கென்று காலியாக விடப்படும். இங்கே பதிவாளர் வரப்போவதில்லை என்றாலும் இடது காதில் எண்ணும், ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பிறந்த தேதி, தாய் தந்தை எண், 70 நாள் எடை, 8 மாத எடை, பல் சரியா என்ற ஐந்து பத்தியும் போட்டு வைத்தால், நூல் கைக்கு வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.